அகல்வட்டம்

காலை ஐந்தே முக்கால்.
இன்குபேட்டர் கதவைத் திறந்ததும்
ஊறப்போட்டு மறந்த துணி வாளியின் வாடை.
நான்காம் மாடி, ஒன்பதாம் படுக்கை,
தனகோட்டியின் ரத்தத்திலிருந்து எடுத்தது
பதினெட்டு மணி நேரமாக
இந்தத் தட்டில் வளர்ந்திருக்கிறது.

நேற்று நான் வைத்த வில்லைகள் ஆறு.
ஊறிய ஜவ்வரிசி அளவு,
ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து.
பலித்தால் வில்லையைச் சுற்றி
கிருமி இல்லாத வளையம் விழும்.
நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்பார்களே, அது.
அகல்வட்டம் பகல்மழை.
எங்கள் அறையிலும் அதுதான் பழமொழி.

இன்று ஆறு நிலா.
ஒன்றுக்கும் கோட்டை இல்லை.
வில்லையின் விளிம்புவரை வந்து
முட்டிக்கொண்டு நிற்கிறது
பாலாடை மாதிரி கிளெப்சியெல்லா.
பழக்கத்துக்கு ஸ்கேலை வைத்தேன்,
அளக்க எதுவும் இல்லை.
ஆர். ஆர். ஆர்.
ஃபாரத்தில் எழுதும்போது
செவ்வாய்ப்பேட்டை மண்டியில்
லாரி உறுமிக் கிளம்பாமல் நிற்பது போல இருந்தது.

கிருமிமேல் கோபம் வரவில்லை எனக்கு.
திருமணிமுத்தாறு வீட்டுக்குள் வந்த வருஷம்
நாங்கள் என்ன செய்தோம்?
அப்பா குண்டானால், நான் சொம்பால்,
விடிய விடிய இறைத்து வாசலுக்கு வெளியே ஊற்றினோம்.
இதுவும் அதைத்தான் செய்கிறது.
தன் சுவரில் கண்ணுக்குத் தெரியாத பம்பு வைத்து
உள்ளே வந்த மருந்தை
வந்த வழியே இறைக்கிறது.

மேலே படுக்கையில்
அவருடைய புற்றுச் செல்களும்
இதே இறைப்பில்தான் இருக்கின்றனவாம்.
மூன்றாவது மருந்துக் கூட்டையும்
அந்தச் சிவப்பு பாட்டிலையும்
வெளியே கொட்டியாகிவிட்டது.
இதை அது பார்த்ததில்லை, அதை இது பார்த்ததில்லை.
பிழைக்க நினைத்தால் எல்லோருக்கும் தோன்றுவது
ஒன்றுதான் போல.

தனகோட்டி அண்ணன்
அம்மாபேட்டையில் மெடிக்கல் வைத்திருந்தவர்.
டாக்டர் சீட்டு கேட்கமாட்டார்,
கடன் சொன்னால் முகம் சுளிக்கமாட்டார்.
கத்தரியால் அட்டையை வெட்டி,
"காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு,
ரெண்டு நாள் போதும்மா."
தறிச் சத்தத்தில் காது மங்கியவர்களுக்கு
விரலால் காட்டுவார்.

என் மகன் இருமிய மார்கழி முழுக்க
நானும் அரை அட்டைதான் வாங்கினேன்.
காய்ச்சல் விட்டது,
மிச்ச மாத்திரை ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது.
பகலெல்லாம் இந்தத் தட்டுகளைப் படிக்கிறவள். தெரிந்தேதான்.
அவர் கடையைச் சொன்னால்
என் ஃபிரிட்ஜையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேற்று லிஃப்ட் வாசலில் அவர் மகள் குமுதவல்லி:
"எந்த மருந்துன்னு பேர் மட்டும் கேட்டு வரச் சொன்னாரு,
நம்ம கடைலயே இருக்குமாம்."
கடை மூடி ஏழு மாதம்.

கடைசி மருந்துக்கு வில்லை ஒத்துவராது.
குழி குழியாக ஊற்றி,
குழிக்குக் குழி இரட்டிப்பாக்கிப் பார்க்க வேண்டும்.
கலங்கியிருந்தால் கிருமி,
தெளிந்திருந்தால் மருந்து.
தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன்.
பின்னால் சேர்வராயன் மலை.
ஏற்காட்டுக்கு ஏறும் முதல் பஸ்ஸின் விளக்கு
கொண்டை ஊசியில் தொலைந்து
மேல் வளைவில் மறுபடி வந்தது.
முதல் குழி கலங்கல்.
இரண்டாவது கலங்கல்.
மூன்றாவதில்
மலை தெரிந்தது.

இந்த மருந்துக்கு எஸ் என்ற எழுத்தே கிடையாது.
ஆர் இல்லை.
நடுவில் ஒன்று இருக்கிறது: ஐ.
பள்ளிக்கூடத்தில் அது இரண்டாம் வேற்றுமை.
அவரை. அவளை. எங்களை.
வினை வந்து சேரும்வரை
வாக்கியம் முடியாது.

போனை எடுத்தேன்.
நான்காம் மாடியில் மணி அடிக்கிறது.
சிறுநீரகம் தாங்குமா என்று டாக்டர் கேட்பார்,
அது என் தட்டில் தெரியாது.
அப்புறம்தான் பார்த்தேன்,
ரிசீவரைப் பிடித்திருந்த கையில்
கையுறையைக் கழற்றவில்லை.